எட்டாவது பாட்டு

ஆறு. ஆறாவது பாட்டு ஓடுது. இருட்டுல ஒக்காந்து வெரல மடக்கி எண்ணிக்கினு இருக்கேன், வேற இன்னா வேலை எனக்கு. மொதப் பாட்டு ஹீரோ பல்லு வெளக்கும்போது. ரெண்டாவது டீக்கடை ரேடியோவுல. மூணாவது பஸ்ஸுல, டிரைவர் தலைக்கு மேல இருக்குற ஸ்பீக்கர்ல. நாலாவது ஹீரோயினி மொட்டை மாடில தலைய காய வெக்கும்போது. அஞ்சாவது இன்டர்வெல்லுக்கு முன்னாடி, மழைல. இப்ப ஆறாவது, தோசை திருப்புறதுக்கு. தோசைக்கு எதுக்குடா பாட்டு? கரண்டிய வுட்டு ஒரு நெம்பு நெம்புனா அதுவே திரும்பிட்டுப் போவுது. எல்லாம் பழைய பாட்டு. ஒண்ணுகூட இந்தப் படத்துக்குன்னு போட்டது இல்ல. எண்பதுல எவனோ எவளுக்கோ பாடுனத எடுத்தாந்து, நேத்து சாம்பாரச் சுட வெச்சி ஊத்துற மாதிரி ஊத்தி வெச்சிருக்கானுங்க. ஜனம் இன்னாடான்னா மொத ரெண்டு செகண்ட் மியூசிக் வந்ததுமே ஓன்னு கத்துது. எனக்குப் பின்னாடி சீட்டுல ஒருத்தன், பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாட ஆரம்பிச்சிடுறான், இவனே ரூம் போட்டு எழுதிக் குடுத்த மாதிரி. மனசுக்கு இதமான படமாம். வாசல்ல பேனர்லயே போட்டிருக்கான், குடும்பத்தோட வாங்க, சிரிச்சிக்கினே அழுங்கன்னு. வந்துட்டேன்டா குடும்பத்தோட. இந்தப் பக்கம் நான், நடுவுல எம் பொண்டாட்டி தவமணி, அந்தப் பக்கம் எம் பொண்ணு யமுனா. காலையில பதினோரு மணி ஆட்டம். மூணு வருஷம் எங்கூடப் பேசாத பொண்ணு மூணு அடி தள்ளி ஒக்காந்திருக்கா. வியாழக்கிழமை புருசங்கூட குவைத் போறா. இன்னைக்கு செவ்வாய். இந்தப் படத்துல நான் ஒரு சீன்ல வர்றேன். நாப்பது செகண்ட். என் வாயத் தொறந்து, என் கொரல்ல, ஒரு பொண்ணுகிட்ட ஒரு விசயம் சொல்லுவேன். அது எம் பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியது. அத அவ கேக்கணும். அதுக்குத்தான் தவமணி கால்ல வுழாத கொறையா கெஞ்சி அவள இட்டாந்திருக்கா. அவ்ளோதான் சமாச்சாரம். அந்த நாப்பது செகண்டு மேல மட்டும் எவனும் பாட்ட ஊத்தாம இருக்கணும், சாமி.

அது இன்னும் வரல. ரெண்டாம் பாதில வரும்னு அந்த அசிஸ்டன்ட் டைரக்டர் பொண்ணு சொல்லுச்சு, பஸ் ஸ்டாண்டு சீன், அதுக்கு அப்பால கிளைமாக்ஸ். தவமணி கைல பாப்கார்ன் டப்பா. அவ ஒண்ணு எடுப்பா, அந்தப் பக்கம் நீட்டுவா, அப்பால இந்தப் பக்கம் நீட்டுவா, ரெண்டு நாட்டுக்கு நடுவுல செக் போஸ்ட் மாதிரி. "ஏன் தவம், உம் பொண்ணுக்கு ஏசி குளிருதான்னு கேளு." "யமுனா, உங்கப்பா கேக்குறாரு, குளிருதான்னு." "குளிரலன்னு சொல்லும்மா." "குளிரலயாம்." "காதுல வுழுந்துச்சு." "வுழுந்துச்சுன்னா எதுக்கு யோவ் என்னைய நடுவுல வெச்சி தந்தியடிக்கிற? கழுத்து வலிக்குது எனக்கு." யமுனா சிரிக்கல. ஸ்கிரீன்ல வெளிச்சம் மாறும்போது மட்டும் அவ மூஞ்சி தெரியுது. கன்னம் கொஞ்சம் வத்தியிருக்கு. மூக்குத்தி புதுசு. மூக்குத்தி எப்பக் குத்துனா? எனக்குத் தெரியாது. எம் பொண்ணு மூக்குல ஓட்ட போட்டது எனக்குத் தெரியாது. மூணு வருஷத்துல இன்னும் இன்னா இன்னா தெரியாதோ. ஜுரம் வந்துதா, கீழ வுழுந்தாளா, அந்தப் பையன் எட்வின் நல்லபடியா வெச்சிருக்கானா. நல்லாத்தான் வெச்சிருக்கானாம், தவமணி சொல்லுவா, ஏசி மெக்கானிக்கு, கை சுத்தம், சமைக்கக்கூடச் செய்வானாம். நான் கேட்டுக்கினு, "சமைப்பானா, அப்ப மாட்டுனது அவன்தான்"னு சொல்லிட்டு எந்திரிச்சிப் போய்டுவேன். பாரு, அங்கயும் ஒரு ஜோக்கு. கொல்லைல போய் நின்னுக்கினு கொழாயத் தொறந்து வுட்டு மூஞ்சி கழுவுவேன். தவமணிக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே தண்ணி வீணாவுதுன்னு கத்துவா.

இத நெனைக்கக் கூடாதுன்னு பாக்குறேன். படத்தப் பாருடா டில்லிபாபு. தோசை முடிஞ்சிடுச்சு, ஹீரோ துன்னுட்டான். அந்தத் தோசைய நெனச்சா எனக்கு அந்தப் புதன்கிழமை ஞாபகம் வருது, அன்னைக்குக் காலையிலயும் தவமணி தோசைதான் சுட்டா, அவசர அவசரமா. பத்தரை மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல யமுனாவுக்குக் கல்யாணம். பையன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், நம்மாளு கெடையாது. எங்கண்ணன் முந்தின வாரமே வூட்டு வாசல்ல நின்னு சொல்லிட்டான், "டேய் டில்லி, நீ அங்க போய் நின்ன, எனக்குத் தம்பி செத்துட்டான்." நான் இன்னா சொல்லியிருக்கணும்? சரிண்ணா, நாளைக்கே பாலு ஊத்திடுன்னு சொல்லியிருக்கணும். வாய்க்கு வாய் பேசுற நானு அன்னைக்கு மட்டும் கம்முனு நின்னேன். செவ்வாக்கெழமை சாயங்காலம் நேரா, ஷூட்டிங்குல கூட்டத்துக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட் குப்புராஜாண்ட போனேன். "அண்ணே, நாளைக்கு எதுனா இருக்கா?" "ஒரு கல்யாண சீன் இருக்கு டில்லி. பட்டு வேட்டி இருக்குறவங்க முப்பது பேரு கேட்டாங்க, முப்பதும் ஆயிடுச்சு." "நான் முப்பத்தொண்ணு. ஓரமா நிக்கிறேண்ணே. சாப்பாடுகூட வேணாம்." "நாளைக்கு உம் பொண்ணுக்குக் கல்யாணம்னு எவனோ சொன்னான்?" "அது தள்ளிப் போய்டுச்சுண்ணே." தள்ளிப் போய்டுச்சு. எவ்ளோ சுளுவா வந்துது வாயில. வூட்டுக்கு வந்து தவமணியாண்ட, "கம்பெனில வர்லன்னா ஆவாதுன்றாங்க, பெரிய டைரக்டரு, கழட்டி வுட்டுடுவாங்க"ன்னு சொன்னேன். அவ என்னையவே பாத்தா. பொண்ணு கல்யாணத்துக்குன்னு இஸ்திரி போட்டு மடிச்சி வெச்சிருந்த பட்டு வேட்டி. அதத்தான் கட்டிக்கினு ஷூட்டிங் போனேன். அவ தனியா ரிஜிஸ்டர் ஆபீஸ் போனா.

அங்க இன்னா பண்ணேன்? பத்தரை மணிக்கு, கரெக்டா பத்தரைக்கு, செட்டுல எவளோ ஒரு நடிகை கழுத்துல எவனோ ஒரு நடிகன் தாலி கட்டுறான், நான் அட்சதை போடுறேன். அதுக்கும் ஒரு பழைய பாட்டுதான், கல்யாண வூட்டுல எல்லாரும் போடுவாங்களே அந்தப் பாட்டு, ஸ்பீக்கர்ல அலற வுட்டான். டேக்கு ஒண்ணு, தாலி தப்பா கட்டிட்டான். டேக்கு ரெண்டு, லைட்டு. மூணு, நாலு. ஒவ்வொரு டேக்குக்கும் பாட்ட மொதல்லேருந்து போடுவான், நான் மொதல்லேருந்து வாழ்த்தணும். அட்சதை தீந்துபோய் கீழ வுழுந்தத பொறுக்கிக் குடுத்தாங்க. பதினோராவது டேக்குல எனக்கு முடியல. அழுதுட்டேன். சும்மா இல்ல, மூக்குல ஒழுவுது. மைக்ல டைரக்டர் கொரலு, "அந்த ஓரத்துல அழுவுறவரு யாரு, சூப்பரா பண்றாரு, அவர முன்னாடி கொண்டாங்க." முன்னாடி கொண்டாந்து நிக்க வெச்சாங்க. பொண்ணுக்குப் பக்கத்துல. அப்பன் நிக்கிற எடத்துல. எல்லாரும் கை தட்டுனாங்க. அத யாராண்டயும் நான் சொல்லல. தவமணியாண்டகூடச் சொல்லல. யமுனாவுக்குத் தெரிஞ்சதெல்லாம், அப்பனுக்கு ஷூட்டிங் பெருசாப் போய்டுச்சு, பொண்ணு சிறுசாப் போய்ட்டா. அதுக்குத்தான் இந்தக் கோவம். "கம்பெனில வுடலன்னா வராம நின்னுடுவாராம்மா?" அப்டின்னு கேட்டாளாம் கல்யாணத்தன்னைக்கு. அப்பால பேச்சு இல்ல. நெசம் அதவிடக் கேவலம். எவனும் என்னைய நிறுத்தல. நான் கேட்டு வாங்கிக்கினு போனேன். அத அவ தெரிஞ்சிக்கினா இன்னும் வெறுப்பாளா? வெறுக்கட்டும். சரியான காரணத்துக்கு வெறுக்கட்டும். இல்ல, வேணாம், வெறுக்க வேணாம். ஐயோ, எனக்கே தெரியல.

போன்ல சொல்லலாம்னு பாத்தேன் ஒரு வாட்டி. ஆறு மாசத்துக்கு முன்னாடி. தவமணி போன்லேருந்து அடிச்சேன், அம்மான்னு நெனச்சி எடுத்தா. "அலோ, சொல்லும்மா"ன்னா. இன்னா பண்ணேன்னா, ரயில்வே ஸ்டேஷன்ல பேசுற அம்மா கொரல்ல, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, உங்கள் தந்தை இரண்டரை வருடம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்"னு சொன்னேன். அந்தக் கொரலு எனக்கு நல்லா வரும். செட்டுல அத வெச்சித்தான் எல்லாரும் டில்லியண்ணே டில்லியண்ணேன்னு சுத்துவானுங்க. அவ டொக்குன்னு வெச்சிட்டா. எனக்கு வேற மாதிரி வராது. வாயத் தொறந்தா நக்கலுதான் வருது, சின்னதுலேருந்தே அப்டித்தான். மூணாவதோட படிப்ப நிறுத்துனவன், நாலு பேரு நடுவுல நிக்கணும்னா சிரிக்க வெச்சாத்தான் நிக்க வுடுவான். எங்கப்பன் செத்தப்பக்கூட சங்கு ஊதுறவன நான் கிண்டல் பண்ணி ரெண்டு பேரு சிரிச்சிட்டாங்க. அழுவுறதுக்கு எனக்கு யாருனா ஆக்‌ஷன் சொல்லணும் போல.

அதான் இந்த சீன் கெடச்சப்ப சாமி குடுத்ததுன்னு நெனச்சேன். இருவத்திரெண்டு வருஷமா அட்மாஸ்பியர். அட்மாஸ்பியர்னா வேற ஒண்ணும் இல்ல, ஹீரோ ஓட்டல்ல ஒக்காந்து பேசும்போது பின்னாடி டேபிள்ல இட்லி துன்னுறானே, அவன். பேசுற மாதிரி வாய அசைக்கணும், சத்தம் மட்டும் வரக் கூடாது. ஆளாளுக்கு ஒரு வித்தை. நான் வாயிக்குள்ள பஸ்ஸு நம்பரா சொல்லுவேன், அம்பத்தொண்ணு, பன்னெண்டு பி, பதினேழு டி. எதுத்தாப்புல ஒக்காந்த சரசக்கா மாமியாள கெட்ட வார்த்தைல திட்டும், சத்தமே வராது, மூஞ்சி மட்டும் சிரிச்சாப்புல இருக்கும். இருவத்திரெண்டு வருஷம் அப்டி. அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு ஷூட்டிங்ல அப்பன் வேஷத்துக்கு வர வேண்டிய நடிகருக்குக் காய்ச்சல். அந்த அசிஸ்டன்ட் டைரக்டர் பொண்ணு கூட்டத்துல தேடி, என்னையப் பாத்து, "அண்ணே, நீங்க பேசுவீங்கல்ல?"ன்னுச்சு. "பேச வுட்டா எல்லாரும் பேசுவாங்கம்மா"ன்னேன். "ஊருக்குப் போற பொண்ண பஸ் ஏத்தி வுடணும். அப்பாவும் பொண்ணும் சண்டை. பத்திரமா போய்ட்டு வாம்மான்னு சொல்லணும். உங்களுக்கு வர்ற மாதிரி ரெண்டு வார்த்த சேத்துக்குங்க." சேத்துக்கினேன். பஸ்ஸு ஜன்னல்ல எவளோ ஒரு சின்னப் பொண்ணு, பேருகூடத் தெரியாது, அதும் மூஞ்சியப் பாத்து சொன்னேன். "நான் வேணும்னுதான் வர்லம்மா. வேலைன்னு சொன்னது பொய்யி. பயந்துட்டேன். எங்கண்ணனுக்குப் பயந்துட்டேன். நீ பத்திரமா போய்ட்டு வா." ஒரே டேக்கு. அந்தப் பொண்ணு நெசமாவே அழுதுடுச்சு. அப்பால ஒரு மாசம் கழிச்சி டப்பிங் கூப்புட்டாங்க. இருட்டு ரூமு, காதுல ஹெட்போன், கண்ணாடிக்கு அந்தாண்ட சவுண்டு இஞ்சினியரு. எனக்கு முன்னாடி ஹீரோவோட அம்மாவா நடிக்கிற அம்மா பேசிக்கினு இருந்துச்சு, அரை மணி நேரம், பக்கம் பக்கமா, வெளிய வரும்போது முந்தானைல மூஞ்சிய அழுத்திக்கினு வந்துச்சு. அப்பால நான். சொன்னேன். சவுண்டு இஞ்சினியர், "ஓகே சார்"னாரு. சார்னாரு. வெளிய வந்து தவமணிக்கு போன் போட்டு சொன்னேன், எப்டியாச்சும் யமுனாவ இந்தப் படத்துக்கு இட்டுக்கினு வரணும் தவம், எப்டியாச்சும். எதுக்குன்னு சொல்லல. அவ கேக்கவும் இல்ல.

இதோ அந்த அம்மா வந்துடுச்சு ஸ்கிரீன்ல. ஹீரோவோட அம்மா. ஹீரோ கேக்குறான், "சொல்லும்மா, அப்பா ஏம்மா நம்மள வுட்டுட்டுப் போனாரு?" தியேட்டரே கப்சிப். பின்னாடி இருந்த பாட்டுக்காரன்கூட மூடிக்கினான். அந்தம்மா கண்ணுல தண்ணி முட்டுது. வாயத் தொறக்குது. எனக்குத் தெரியும், பக்கம் பக்கமா இருக்கு, நான் கதவுக்கு வெளிய ஒக்காந்து பாதிய கேட்டேன், அந்தாளு எப்டி எப்டி அடிச்சான்னு ஒரு எடம் வரும், கல்லும் கரையும். வயலினு. டேய். டேய் வேணாம்டா. ஏழாவது பாட்டு. ஓன்னு ஒரு சத்தம் தியேட்டர்ல, கை தட்டுறான், விசிலு. அந்தம்மா வாயி அசையுது. அசையுது, அசையுது, கைய நெஞ்சுல வெச்சிக்கினு, தலைய ஆட்டிக்கினு, வாயி மட்டும் அசையுது, மேல எவனோ காதலியத் தேடி ஆத்தங்கரைல பாடிக்கினு இருக்கான். ஹீரோ அழுவுறான். இன்னாத்தக் கேட்டு அழுவுற நீ? பாட்டக் கேட்டா? பக்கத்துல தவமணி மூக்க உறிஞ்சுறா. "பாவம்ல அந்தம்மா"ன்றா. "அது இன்னா சொல்லுச்சு தவம்?" "இன்னா சொல்லுச்சோ. கஷ்டத்தத்தான் சொல்லியிருக்கும்." முடிஞ்சிடுச்சு. அரை மணி நேரம் உசுரக் குடுத்து பேசுன பேச்சு, கஷ்டத்தத்தான் சொல்லியிருக்கும்னு போய்டுச்சு. அவங்க கொரலையே அமுக்கிட்டானுங்க. பேரு போட்டு போஸ்டர் ஒட்டுன நடிகை. நான் எம்மாத்திரம். டப்பிங் பண்ணதால ஆச்சு, கொரலு உள்ள இருக்கு, தப்பிச்சோம்னு நெனச்சிக்கினு இருந்தேனே. அதுங்கொரலும் உள்ளதான் இருந்துச்சு. யாரோ ஒருத்தன் மிஷின்ல ஒரு கட்டைய கீழ இறக்கி ஒரு கட்டைய மேல ஏத்திட்டான், அவ்ளோதான்.

யோசிச்சிப் பாத்தா எல்லா எடத்துலயும் அப்டித்தான் பண்ணியிருக்கான். யாருனா எதுனா முக்கியமாச் சொல்ல வாயெடுத்தா உடனே பாட்டு. ஹீரோயினி ஹீரோவாண்ட எதையோ சொன்னாளே மொட்டை மாடில, பாட்டு. மழைல ஃபிரண்டு மன்னிப்பு கேட்டானே, பாட்டு. கேக்குற மாதிரி பேசுனதெல்லாம் எது? டீ சொல்லு மச்சான். வண்டிய எடு. தோசை வேணுமா. அது மட்டும் தெளிவாக் கேக்குது. சொல்லக் கஷ்டமா இருக்குற எடத்துல எல்லாம் இவனுங்க பாட்ட அமுக்கி வெச்சிருக்கானுங்க. எவனும் எதையும் சொல்லவும் வேணாம், எவனும் கேக்கவும் வேணாம், ஆனா எல்லாருக்கும் கண்ணுல தண்ணி வந்துடும். ரொம்ப நல்ல ஏற்பாடு. நான் அட்சதை போட்டுக்கினு அழுதனே, அது மாதிரி. யோவ் டைரக்டரே, நீயும் நானும் ஒரே ஜாதிதான்யா. சரி, சரி, பதறாத. ஏழு போட்டுட்டான். தமிழ்நாட்டுல இருக்குற நல்ல பாட்டெல்லாம் தீந்துருக்கும். எட்டாவது இருக்காது. கிளைமாக்ஸுக்குன்னு ஒண்ணு வெச்சிருப்பான், அத பஸ் ஸ்டாண்டுல போட்டு வீணாக்க மாட்டான். சின்ன சீனுதானே, நாப்பது செகண்டு, யாரு நானு, என் மேல எதுக்கு ஒரு பாட்ட செலவு பண்ணப் போறான். ஆனா தோசை மேல செலவு பண்ணானே. தோசைக்கே போட்டவன்.

இப்பவே சொல்லிடு. படம் சொல்லும்னு எதுக்கு நம்பிக்கினு இருக்க, தவமணிக்கு முன்னாடி சாஞ்சி சொல்லிடு, இருட்டுதானே, மூஞ்சிகூடத் தெரியாது. சாஞ்சேன். பாப்கார்ன் டப்பா கைல இடிச்சி நாலு கீழ கொட்டுச்சு. "யம்மு." மூணு வருஷம் கழிச்சி அந்தப் பேர வாயில சொல்றேன். அவ திரும்பல, ஆனா அவ கை நின்னுடுச்சு, வாய்க்குப் பாதி வழில பாப்கார்னோட நின்னுடுச்சு. கேக்குறா. கேட்டுக்கினு இருக்கா. சொல்லு, சொல்லு, சொல்லித் தொலைடா. "இந்த ஹீரோ காலையில பல்லு வெளக்குனவன் இன்னும் வாயே கொப்புளிக்கல, பாத்தியா?" அவ கை மேல போய்டுச்சு. மெல்லுறா. தவமணி என் தொடைல நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளுனா. "ச்சீ, மனுசனா நீ" அப்டின்னா மெதுவா. வலிக்குது. இன்னும் நல்லா கிள்ளு தவம். எனக்கு என்னையே கிள்ளத் தெரியல.

பஸ் ஸ்டாண்டு. வந்துடுச்சு. ஐயோ, வந்துடுச்சு. "தவம், அவளப் பாக்கச் சொல்லு, பாக்கச் சொல்லு." "பாத்துக்கினுதான்யா இருக்கா." ஆரஞ்சுப் பழம் விக்கிறவன் போறான், கண்டக்டர் விசிலு ஊதுறான், எல்லா சத்தமும் கேக்குது, நல்லாக் கேக்குது, ஜன்னல் கம்பிய அந்தச் சின்னப் பொண்ணு புடிச்சிக்கினு இருக்குறது கிட்டக்க தெரியுது. கூட்டத்துக்குள்ளேருந்து நான் வர்றேன். என் செருப்பு சத்தம்கூடக் கேக்குது. கட்டம் போட்ட சட்டை, கம்பெனி குடுத்தது, அக்குள்ல இறுக்குச்சு. எம் மூஞ்சி. எவ்ளோ பெருசு, சாமி, ஒரு மூக்கு ஒரு ஆட்டோ அளவுக்கு இருக்கு. ஜன்னலாண்ட வந்து நிக்கிறேன். அண்ணாந்து பாக்குறேன். தியேட்டரு கம்முனு இருக்கு. பாட்டு இல்ல. பாட்டு இல்லடா. வாயத் தொறக்குறேன். புல்லாங்கொழலு. முடிஞ்சிடுச்சு. ஊருக்கே தெரிஞ்ச பாட்டு, கைக்கொழந்தகூட ரெண்டு நோட்டுல கண்டுபுடிச்சிடும். இதுவரைக்கும் கத்துனதெல்லாம் ஒண்ணுமே இல்ல, கூரையே பேந்துக்கினு போற மாதிரி கத்துறானுங்க, எந்திரிச்சி நின்னு செல்போன் லைட்ட அடிச்சி ஆட்டுறானுங்க. மேல என் வாயி அசையுது. எனக்குத் தெரியும் ஒவ்வொண்ணும். இப்ப வேணும்னுதான்னு சொல்றேன். இப்ப பொய்யின்னு சொல்றேன், பாரு, ஒதடு ஒட்டுது பாரு. இப்ப பயந்துட்டேன். நான் சீட்டுல ஒக்காந்துக்கினு மேல அசையுற வாயிக்குக் கீழேருந்து கொரலு குடுக்குறேன், "வேலைன்னு சொன்னது பொய்யிம்மா, பயந்துட்டேன், எங்கண்ணனுக்கு", வாயிக்கும் கொரலுக்கும் சேரல, நான் பின்னாடி ஓடுறேன், படம் முன்னாடி ஓடுது. தவமணி என் முழங்கைல இடிச்சி, "யோவ், கம்முனு இருய்யா, பாட்டு கேக்கட்டும்"ன்றா. பஸ்ஸு கெளம்பிடுச்சு. நான் சின்னதாப் போறேன். ஆரஞ்சுப் பழக்காரன் குறுக்க போறான். நான் இல்ல. அவ்ளோதான் நானு.

பாட்டு மட்டும் நிக்கல. அடுத்த சரணத்துக்குப் போய்டுச்சு, அது மேலயே ஹீரோ பைக்ல போறான், கடலு, சூரியன், கொழந்தைங்க பட்டம் வுடுதுங்க. எந்திரிச்சி வெளிய போய்டலாம்னு தோணுது. வியாழக்கிழமை. அதுக்கு அப்பால போன்ல சொல்லலாமா, அங்க நம்பரு மாறிடும், தவமணி சொல்லட்டுமா, தவமணிக்கே தெரியாதே. அப்பத்தான் அந்தப் பக்கத்துலேருந்து ஒரு கொரலு. தவமணி மார்புக்கு முன்னாடி தலைய நீட்டிக்கினு யமுனா. கன்னமெல்லாம் ஈரம். சிரிக்கிறா. "நல்லா நடிச்சப்பா." அப்பா. அப்பான்னுட்டா. எங்கிட்ட. நேரா, செக் போஸ்ட் இல்லாம. தவமணி எம் மூஞ்சியையும் அவ மூஞ்சியையும் மாறி மாறிப் பாக்குறா, அவளுக்கும் கண்ணு ரொம்பிடுச்சு. முடிஞ்சிது டில்லி. கெடச்சிடுச்சு. பாட்டு குடுத்துடுச்சு. எவனோ எண்பதுல போட்ட பாட்டு எம் பொண்ண எனக்குத் திருப்பிக் குடுத்துடுச்சு, வாங்கிக்கடா, தேங்க்ஸ்மான்னு சொல்லு, ஏதோ ஒரு நக்கல் வுடு, மூணு பேரும் வெளிய போய் பிரியாணி துன்னுங்க, வியாழக்கிழமை ஏர்போர்ட்டுல கைய ஆட்டு. எல்லாரும் அப்டித்தான் இருக்காங்க. யாரு கேக்கப் போறா? அவ குவைத்துல ஒக்காந்து எங்கப்பா அன்னைக்கு ஷூட்டிங்னு வர்ல, பரவால்ல, நல்ல மனுசன்னு நெனச்சிக்கினு இருப்பா. நான் இங்க கொல்லைல கொழாயத் தொறந்து வுட்டுக்கினு இருப்பேன். சாவுற வரைக்கும். நாக்கு நுனில ஒரு நக்கல் வந்து நிக்குது, ரெடியா, சூப்பர் நக்கலு, சிரிச்சிடுவா. முழுங்குனேன். கல்ல முழுங்குற மாதிரி எறங்குது.

"அன்னைக்கு எனக்கு ஷூட்டிங் இல்லம்மா." அவ சிரிப்பு அப்டியே நிக்குது மூஞ்சில, எடுக்க மறந்த மாதிரி. "கம்பெனில யாரும் வரச் சொல்லல. நானா போய் குப்புராஜாண்ட கேட்டு வாங்குனேன். உங்க பெரியப்பனுக்குப் பயந்துக்கினு." என் கொரலு எனக்கே வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு, மெலிசா. தவமணி பாப்கார்ன் டப்பாவ மடில வெச்சிக்கினு ஆடாம அசையாம ஒக்காந்திருக்கா. பாட்டு ஏறுது, கோரஸு, பின்னாடி அவன் கூடவே பாடுறான். யமுனா எந்திரிச்சா. போய்ட்டா, போறா, போய்டுவா. "ம்மா, நீ இப்டி வா"ன்னா. தவமணிய எழுப்பி அவ சீட்டுல ஒக்கார வெச்சிட்டு, இந்தப் பக்கம் வந்து எம் பக்கத்துல ஒக்காந்தா. என்னையப் பாக்கல, ஸ்கிரீனப் பாக்குறா. "இன்னா சொன்ன? பாட்டுல கேக்கல." காதாண்ட குனிஞ்சேன். அந்தக் காதுக்குக் கம்மல் போட்ட அன்னைக்கு எம் மடிலதான் ஒக்காந்திருந்தா, வீல்னு கத்துனா. சொன்னேன். ஷூட்டிங் இல்ல, நானா கேட்டு வாங்குனேன், உன் வேட்டிய, உங்கல்யாணத்துக்கு எடுத்து வெச்ச வேட்டியக் கட்டிக்கினு போனேன். "கேக்கல." இன்னும் சத்தமாச் சொன்னேன். எவளோ ஒருத்திக்கு அட்சதை போட்டேம்மா, பதினோரு தடவ, பத்தரை மணிக்கு, நீ அங்க நிக்கிறப்ப. முன் சீட்டுக்காரன் திரும்பி, "பெருசு, படம் பாக்க வுடு"ன்னான். நக்கலு ஒண்ணும் வர்ல, தேடிப் பாக்குறேன், ஒண்ணியும் இல்ல. யமுனா கைய மடில கோத்து வெச்சிக்கினு, பட்டம் பறக்குறதப் பாத்துக்கினே சொன்னா.

"கேட்டுச்சு. மொத தடவயே கேட்டுச்சு."